'பி' போட்ட சனிக்கிழமை

குளிப்பாட்டி முடித்ததும் வெள்ளை வேட்டி கேட்டார்கள். கஸ்தூரி அலமாரியைக் குடைந்தாள். வேட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு ஜோடி கறுப்பு ரப்பர் சப்பாத்து, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இதை எதற்கு வாங்கி ஒளித்தார்? கேட்கலாமென்றால் ஆள் கூடத்தில் கண்மூடிக் கிடந்தார்.

நேற்றுக் காலை பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் கணவர் லெட்சுமணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் எழவில்லை.

வேட்டியைக் கொழுந்தன் காளிதாஸிடம் கொடுத்தபோது லெட்சுமணனின் கைப்பேசி அடித்தது. மகள் லோஷினி கூடத்தில் அழுதுகொண்டிருந்தாள். கஸ்தூரியே எடுத்தாள்.

மெர்சிங்கிலிருந்து படகுக்காரன். நாளை தண்ணீர் ஏறும் நேரம் பதினோரு மணி, அதற்குள் வந்துவிடுங்கள் என்று மலாயில் சொன்னான். தீவில் படகுத்துறை கிடையாது, முட்டியளவு தண்ணீரில் இறங்கி நடக்கணும், பாறை வெட்டும், சப்பாத்து போட்டு வாங்க என்றான். பிறகு, "டுவா ஓராங், கான்?" என்றான். இரண்டு பேர்தானே?

கஸ்தூரியின் கண்கள் சமையலறைக் காலண்டருக்குப் போயின. கட்டங்களில் அவர் கைப்பட எழுதிய எழுத்துகள். 'எம்' என்றால் மாலாம், இரவு வேலை. 'பி' என்றால் பாகி, காலை வேலை. அதைப் பார்த்துத்தான் இருபத்தெட்டு வருஷமாய் அவள் உலை வைத்தாள். நாளைய சனிக்கிழமைக்கும் 'பி' போட்டிருந்தார், சிவப்பு மையில்.

போன வாரம் கேட்டாரே!

"சனிக்கிழம எங்கயும் போயிடாத, என்ன?"

"நீங்கதான் காலை வேலைக்குப் போறீங்களே. நான் பிரேமலா மக நிச்சயத்துக்குப் போறேன்."

அதற்குச் சிரித்தார். அது பாகி இல்லை, புலாவ். தீவு. அறிவு கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் மெர்சிங் கடற்கரையில் நின்று அந்தத் தீவைக் காட்டியவர் அவர். ஒருநாள் அங்கே போய்வரணும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதைதான். லீவு கிடைத்தால் மழைக்காலம், படகு ஓடாது. மழை விட்டால் ஓவர்டைம், அது இல்லையென்றால் லோஷினிக்குப் பரீட்சை. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் திட்டம் போடுவார். தண்ணீர் நாம் கொண்டுபோகணும், புளிச்சோறு கட்டணும், குப்பையைத் திருப்பி எடுத்து வரணும்.

"அங்க ஒண்ணுமே இல்ல கஸ்தூரி. கடை இல்ல, கரண்டு இல்ல."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு எதுக்குப் போவணும்?"

"இந்த மெஷின் சத்தம் இல்லாம ஒரு நாளு ஒன் பேச்சு மட்டும் கேக்கலாம்ல."

அதற்குமேல் தாங்கமுடியவில்லை. அந்தப் பேச்சை இப்போதே பேசிவிடவேண்டும் போலிருந்தது.

"ஹலோ, காக்கா? டுவா ஓராங்?" அக்கா என்று மலாயில் கூப்பிட்டு மறுபடி கேட்டான் படகுக்காரன்.

"ஆமா... யா. டுவா ஓராங்," என்றாள் கஸ்தூரி.

எரித்துவிட்டு மாலையில் திரும்பிய காளிதாஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்தார்.

"அலமாக், என்ன அண்ணி இது! காலையில சாம்பல எடுத்ததும் இங்கேயே கடல்ல கரைக்கறதுதானே வழக்கம். மெர்சிங் ரெண்டு மணி நேரம் லா. அதோட பொம்பளைங்க வர்றதில்லையே. பதினாறு முடியாம நீங்க வாசப்படி தாண்டுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும் தம்பி. அவரு என்னையத்தான் கூப்புட்டாரு."

காளிதாஸ் அண்ணன் மகளைப் பார்த்தார். லோஷினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல விளக்க நான் பாத்துக்கறேன் சித்தப்பா. அம்மாவ கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

மறுநாள் மெர்சிங் படகுத்துறையில் படகுக்காரன் சிரித்த முகமாய்க் காளிதாஸிடம் கை நீட்டினான். "அபாங் லெட்சுமணன்?" லெட்சுமணன் அண்ணன்தானே?

காளிதாஸ் கை கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் துணி கட்டிய கலயத்தைப் பிடித்திருந்தார். அதைக் குனிந்து பார்த்தார். படகுக்காரனுக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு, கஸ்தூரி ஏறும்வரை படகை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

பாதிக் கடலில் காளிதாஸ் கேட்டார். "இங்கயே கரைச்சிடலாமா அண்ணி?"

"அவரு எறங்கற எடம் இது இல்ல."

தீவு நெருங்கியது. மரமும் மணலும் தவிர ஒன்றுமே இல்லை. படகுக்காரன் எஞ்சினை நிறுத்தியதும் பேச்சுக்கு ஏங்கும் மாதிரி ஒரு அமைதி.

கஸ்தூரி பையிலிருந்து சின்ன ஜோடியை எடுத்தாள். அளவு தெரியாத மனுஷன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வாங்கிவந்த செருப்பையும் வளையலையும் கடைக்குத் திருப்பி எடுத்துப்போய் மாற்றுவதே அவளுக்கு ஒரு வேலை. பெரிய ஜோடியை மடியில் அணைத்துக்கொண்டு, காளிதாஸிடமிருந்து கலயத்தை வாங்கி, மெல்லத் தண்ணீரில் இறங்கினாள்.

சப்பாத்து சரியாக இருந்தது.