ஆமை விட்ட மூச்சு

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் என் தங்கை புருஷன் ஜெயப்பிரகாஷ், கோடி வருஷத்துக்குக் குறைந்து எதையும் பேசமாட்டார். "நம்ம ஊரே ஒரு காலத்துல கடலுதான்" என்று ஆரம்பித்து, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொறுக்கிய கல் சிப்பியையும் கல் நத்தையையும் காட்டியே மகளை வளர்த்தார். விளைவு, கடல் பிராணிகள் எல்லாம் எப்போதோ செத்துக் கல்லாகிவிட்டன என்று ஆறு வயது தன்ஷிகா நம்பிவிட்டாள்.

உயிரோடு ஒன்றையாவது காட்டிவிடலாம் என்றுதான் தூத்துக்குடியில் குடும்பத்தோடு பாய்மரப் படகு ஏறினோம். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. மாப்பிள்ளையோ படகோட்டிக்கே கடலைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுகூட மிச்சமில்லையா மாமா?" என்று என்னிடம் கேட்ட தன்ஷிகாவுக்கு உதடு பிதுங்கியது.

படகு கரைக்குத் திரும்பும்போது, கைக்கெட்டும் தூரத்தில் பெரிய ஆமை ஒன்று தலையைத் தூக்கியது. 'புஸ்' என்று மூச்சு விட்டது.

"இது பாத்தீங்கன்னா, டைனோசர் காலத்துலேயே..."

"அப்பா, சும்மா இருங்க! அது மூச்சு வுடுது!"

மாப்பிள்ளை வாயை மூடினார்.

"கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்லிப் பாத்துட்டேன்ண்ணே" என்றாள் தங்கை.

அவ்வளவு பெரிய உடம்பு, அவசரமே இல்லாமல் கைகளை விரித்து, பறப்பதுபோல் நீருக்குள் இறங்கியது.

தன்ஷிகா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இதெல்லாம் இன்னும் இருக்குப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

ஆமை போன இடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "தெரியலம்மா" என்றார்.