உப்பு தேவையான அளவு

முதல் சமையல் பெட்டி வந்த செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணிக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கிய நத்தை, ஐந்தரை மணி நேரம் சமைத்து, ஆறரைக்குச் சாப்பாட்டை மேசையில் வைத்தார். கடிகாரத்தில் கோளாறு இல்லை. மறுநாளே பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். பெட்டியோடு வந்த செய்முறை அட்டையில் "முப்பது நிமிடம்" என்று அச்சடித்திருந்தது, அவ்வளவுதான். சொன்ன சொல் தவறாத கம்பெனி.

நத்தை என்பது தெரு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வளைந்த ஃப்ரேம்களை நிமிர்த்துகிற வேலை அவருக்கு. ஒரு திருகாணிக்கு அரை நாள் எடுப்பார், ஆனால் அவர் முடுக்கிய திருகாணி கழன்றதாகச் சரித்திரம் இல்லை. மனைவி துறைமுகத்தில் சரக்கைக் கணக்கெடுக்கும் எழுத்தர். கிரேன் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய பதினைந்து வருட ஆசை. தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. நாற்பது வயதைத் தாண்டினால் எழுத விடமாட்டார்கள். நாற்பதுக்கு இன்னும் இரண்டே மாதம். படிக்க வேண்டியதோ ஆயிரம் பக்கம். வேலையிலிருந்து வந்து சமைத்து முடித்தால் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவார். "இனிமே அடுப்படி என் பொறுப்பு" என்று நத்தை சொன்னபோது கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சந்தைக்கு அனுப்பினால் தக்காளி பொறுக்கியே பொழுதை ஓட்டுகிற மனுஷன். அதனால்தான் எல்லாவற்றையும் அளந்து, பொட்டலம் கட்டி, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற பெட்டிக்குச் சொல்லி வைத்தார்.

அடுத்த தெருவில் சலவைக்கடை நடத்தும் அவருடைய அக்காவுக்கு வயிறு எரிந்தது. அக்காவின் கை மின்னல். "ரெண்டு கேரட்டையும் ஒரு வெங்காயத்தையும் அட்டைப்பெட்டியில போட்டு மூணு மடங்கு விலை கேக்குறான். நீங்களும் குடுக்குறீங்க. கொழுப்புதானே?"

மூன்று மடங்கு விலை என்பது உண்மைதான். ஆனால் நத்தை கேரட்டை லென்ஸ் மாதிரி சீவிக்கொண்டிருக்கையில், மனைவி அதே அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்து நாற்பது பக்கம் படித்துவிடுவார். ஜன்னலுக்கு வெளியே பேருந்து நின்றது நின்றபடி இருக்கும். ஏறுகிறவரின் ஒரு கால் படியிலும் ஒரு கால் காற்றிலும். நடுவில் பசித்தால் ரொட்டி தின்றார்கள். மழித்த முகத்தோடு ஆறு மணிக்கு அடுப்படிக்குள் போனவர் ஆறரைக்கு முள்தாடியோடு வெளியே வருவதைத் தெரு ஒரு வாரம் பேசியது, அப்புறம் விட்டுவிட்டது.

தம்பி இளைத்துப் போனதைப் பார்த்து மனசு கேட்காமல் ஒருநாள் அக்காவே கரண்டியைப் பிடுங்கினார். பன்னிரண்டே நிமிடத்தில் மொத்தச் சமையலும் முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மணி ஆறரை. முப்பது என்றால் முப்பதுதான், யாராக இருந்தாலும். "என் பதினெட்டு நிமிஷம் எங்கேடா?" என்று அக்கா அலறினார். அடுப்புக்குக் கீழேகூடத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து தம்பியை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியவர், அன்று கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

தேர்வுக்கு முந்தின நாள் கடைசிப் பெட்டி வந்தது. காற்றையும் சுமையையும் பற்றிய இரண்டு அத்தியாயங்கள் பாக்கி. போன இரண்டு தடவையும் மனைவியைக் கவிழ்த்தவை அவைதான். பெட்டியைத் திறந்தால், வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நறுக்கியே அனுப்பியிருந்தார்கள். "உங்கள் வசதிக்காக" என்று மேலே ஒரு சீட்டு வேறு. நாசமாய்ப் போன வசதி! போட்டுக் கிளறினால் முடிந்தது. மனைவி புத்தகத்தை மூடினார். "பரவாயில்லைங்க, இவ்வளவு தூரம் வந்ததே பெருசு" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாழ்த்துச் சொல்ல வந்து வாசலில் நின்ற அக்கா, உள்ளே வந்து அட்டையைப் பிடுங்கி மேலிருந்து கீழே படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இந்தா பாரு. உப்பு தேவையான அளவுன்னு போட்டிருக்கான். எவ்வளவு தேவைன்னு நீதானே பாக்கணும்? அவசரப்படாதடா தம்பி. மெதுவாப் போடு."

அந்த வார்த்தை அக்கா வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. நத்தை அடுப்பைத் தணித்து, திருகாணி எடுக்கிற இடுக்கியால் உப்பை ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போட்டார். கலக்கினார், ருசி பார்த்தார், யோசித்தார், அடுத்த கல்லை எடுத்தார். இருபத்தாறு மணி நேரம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதைவிடப் பெரிய வேலை வாழ்க்கையில் வாய்த்ததில்லை. மனைவி இரண்டு அத்தியாயங்களையும் மூன்று முறை படித்து, நன்றாகத் தூங்கி எழுந்து, நாலாவது முறையும் படித்தார். ஆறரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். உப்பு கனகச்சிதம்.

தேர்வில் அவர்தான் முதல். இன்றைக்கு எண்பதடி உயரத்தில் உட்கார்ந்து, கப்பல் சரக்கைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி வைக்கிறார். கீழே நின்று பார்க்கிற நத்தைக்குக் கழுத்து வலிக்கும், பார்வையை மட்டும் எடுக்கமாட்டார்.

பெட்டி அந்த விலைக்குத் தகுமா என்று கேட்கிறவர்களைத் தெருக்காரர்கள் அக்காவிடம் அனுப்புகிறார்கள். "கை வேகமா இருந்தா வாங்காதே, நஷ்டம்" என்பார். அவர் வீட்டுக்கும் இப்போது சனிக்கிழமை ஒரு பெட்டி வருகிறது. அதை அவர் தொடுவதில்லை. தம்பி போய்த்தான் சமைக்க வேண்டும். அடுப்படி மூலையில் பாயைப் போட்டு, இத்தனை வருடம் தூங்காத தூக்கத்தையெல்லாம் அக்கா தூங்குகிறார். நடுவில் ஒரு தடவை, கண்ணைத் திறக்காமலே, "ஆயிடுச்சாடா?" என்று கேட்பார்.

"இன்னும் உப்பு போடலைக்கா."

"அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.