கழற்றி வைத்த கதவு

தேர்தல் மேடையில் அமைச்சர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "மருத்துவச் சட்டத்தோட ஒவ்வொரு வரியையும் உங்க கண் முன்னாடிதான் எழுதுவோம். கதவே இருக்காது!" ஜெயித்த கையோடு, சட்டம் எழுதும் குழு கூடும் அறையின் கதவை ஆள் வைத்துக் கழற்றி, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். கழற்றிய கதவு தாழ்ப்பாளோடு நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் இடித்துக்கொண்டார்கள்.

அறையில் நடப்பது நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண். காது கேளாதவர்களுக்காக, பேசுவதைச் சைகையில் சொல்வது அவள் வேலை. அறையை ஒட்டிய தடுப்புக்குள், காதில் ஹெட்போனும் எதிரே ஒரு திரையுமாக நிற்பாள்.

முதல் நாளே அவளுக்குப் பெரிதாக வேலை இல்லாமல் போயிற்று. மேஜை நடுவே ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. குழுத் தலைவர் தொண்டையைச் செருமி, "மக்கள் நலனே நம்ம நலன்" என்று தொடங்குவார். விஷயம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்துவார். மைக்குகள் அடங்கிவிடும். படம் மட்டும் ஓடும். உறுப்பினர்கள் குனிவார்கள், சிரிப்பார்கள், மேஜையைத் தட்டுவார்கள். இவள் "ஒலி இல்லை" என்று காட்டிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்வாள். காதில் விழுந்ததை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்பது விதி.

அந்த விதியை அவள் வேலையில் ஒருநாளும் மீறியதில்லை. வீட்டு விஷயத்தில்தான் மீறுவாள்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே அக்காவோடு மருத்துவரிடம் போய், அவர் சொல்வதைக் கையால் சொல்பவள் இவள்தான். மருத்துவர் மூச்சு விடாமல் பேசினால் இவள் ஒரு வரி சொல்வாள். பயமுறுத்தும் சொற்களை வழியிலேயே இறக்கிவிட்டு நல்லதை மட்டும் கொண்டு சேர்ப்பாள். பாசம் என்று அதற்கு மனதுக்குள் பெயர் வைத்திருந்தாள். இப்போது அக்காவுக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை என்று ஆகியிருந்தது. புதுச் சட்டத்தின் எட்டாவது பிரிவு மட்டும் வந்துவிட்டால் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் சைகை தெரிந்த ஒருவர் இருப்பார். அக்கா தன் உடம்பைப் பற்றித் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது வர வேண்டும் என்றுதான் தங்கையும் நினைத்தாள். உள்ளே ஏதோ ஒரு மூலை மட்டும் வேண்டாம் என்றது. அந்த மூலைப் பக்கம் அவள் போவதில்லை.

ஒருநாள் கூட்டம் முடிந்து மாலையில் அக்காவின் வேலையிடத்துக்குப் போனாள். அக்கா பல்செட் செய்பவள். மேஜை முழுக்க முகமில்லாத சிரிப்புகள். கையிலிருந்த கீழ்வரிசையை வைத்துவிட்டு அக்கா கைகளால் பேசத் தொடங்கினாள்.

"எட்டாவது பிரிவு காலி."

"யாரு சொன்னாக்கா?"

"உங்க தலைவர்தான். 'கைய ஆட்டுறதுக்குன்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளா? வீட்ல யாராவது இருப்பாங்கல்ல'ன்னார். உடனே அந்தத் தொப்பைக்காரர், 'அந்தப் பிரிவை விட்டுத்தர்றேன், ஆம்புலன்ஸ் கான்ட்ராக்டை என் மச்சானுக்குக் குடுங்க'ன்னார். கை குலுக்கிட்டாங்க."

"மைக் ஆஃப்ல இருந்துச்சேக்கா!"

"எனக்கு மைக் என்னிக்குடி ஆன்ல இருந்துச்சு?"

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் காதையெல்லாம் அடைத்துவிட்டு, உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவர்களுக்கு முன்னால் முகத்தை அகலமாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"முழுசா புரிஞ்சுதா?"

"மீசைக்காரர் பேசினா கொஞ்சம் சிரமம். தலைவர் பளிச்சுனு புரியுது. பல்செட்தான் லூஸ். சிரிச்சா மேல்வரிசை கொஞ்சம் லேட்டா வந்து சேருது."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படின்னா... டாக்டர் பேசுறதும்?"

"மாஸ்க் போடாத டாக்டர்னா தெரியும். 'ரத்தப்போக்கு வரலாம், வயித்தைத் திறக்க வேண்டியும் வரலாம்'னார். நீ என்ன சொன்னே? 'சின்ன ஓட்டைதான், சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்'."

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டுப் போறே?"

"உனக்கு ஒரு திருப்தி இருக்கட்டுமேன்னுதான். மாஸ்க் போட்ட டாக்டர் வந்தாத்தான் எனக்குப் பகீர்ங்குது. அப்ப உன்னை நம்பணுமே."

மேஜை மேலிருந்த பற்கள் அத்தனையும் தன்னைப் பார்த்து இளிப்பது போலிருந்தது தங்கைக்கு. திரும்பும் வழியெல்லாம் தலைவரை மனதுக்குள் திட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வசவும் பாதி வழியில் திரும்பி வந்து தன் மேலேயே உட்கார்ந்தது. அவருக்கு ஒரு பொத்தான் தேவைப்பட்டது. தனக்கு அதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் தலைவர் செருமினார். "எட்டாவது பிரிவை ஆழமா விவாதிச்சு, மக்கள் நலன் கருதி, ஏகமனதா ஒத்தி வைக்கிறோம்." அவள் அதைச் சைகையில் சொன்னாள். விரல்கள் கூசின. பொத்தான் அழுந்தியது.

அக்காவோடு வளர்ந்தவளுக்கு உதடு படிக்கத் தெரியாமல் இருக்குமா? அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது போல் கூச்சப்பட்டு இத்தனை நாள் பார்க்காமல் இருந்தாள். இன்று பார்த்தாள். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

"அமைச்சருக்கு என்னய்யா, கதவைக் கழட்டிட்டுப் போயிட்டாரு" என்றார் தலைவர். "நடுத்தெருவுல உக்காந்தா சட்டம் எழுதுவாங்க?"

"என் மச்சான் ஒரு மண்டு, வண்டியை ரிவர்ஸ் எடுக்கக்கூடத் தெரியாது" என்றார் தொப்பைக்காரர். "என்ன பண்றது, வீட்ல நச்சரிப்பு தாங்கல."

கன்னத்தை உப்ப வைத்து, தொப்பையைத் தடவி, அவள் ஒன்று விடாமல் சொன்னாள். மதியத்துக்குள் யாரோ அந்தச் சைகைக்குக் கீழே எழுத்துப் போட்டு ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். முதல் தொலைபேசி அழைப்பு தொப்பைக்காரரின் மனைவியிடமிருந்து வந்தது. தன் தம்பியை மண்டு என்று சொன்னது யார் என்று அந்த அம்மாள் கேட்டது, மைக் இல்லாமலேயே அறை முழுக்கக் கேட்டது.

தலைவர் தடுப்புக்குள் வந்தார். "காதுல விழுந்ததைச் சொல்றதுதானேம்மா உன் வேலை?"

"நான் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்லீங்க ஐயா. உங்க வாய் அசைஞ்சுது, என் கை அசைஞ்சுது."

பதில் சொல்ல வாயைத் திறந்தவர், சட்டென்று கையால் பொத்திக்கொண்டார்.

அவளை வேலையை விட்டு அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் அனுப்பவில்லை. எட்டாவது பிரிவும் திரும்பி வந்தது, "இயன்ற இடங்களில்" என்ற ஒரு வாலோடு. அடுத்த கூட்டத்துக்கு அவள் போனபோது நடைவழி காலியாக இருந்தது. கழற்றிய கதவை உள்ளே தூக்கி வந்து, கேமராவுக்கும் மேஜைக்கும் நடுவே நிறுத்தியிருந்தார்கள். நேரலை நிற்கவில்லை. நாடே நாள் முழுக்கக் கதவைப் பார்த்தது. "நல்ல மரம்" என்று அக்கா செய்தி அனுப்பினாள்.

அறுவை சிகிச்சை அன்று, சைகை தெரிந்தவர் உண்டா என்று கேட்டதற்கு மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண், "எங்களுக்கு இன்னும் இயலலைம்மா" என்றாள். "வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?"

"இருக்கேன்" என்றாள் தங்கை.

வந்த மருத்துவர் மாஸ்க் போட்டிருந்தார். வெகுநேரம் பேசினார். அக்கா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, தங்கையின் கைகளுக்குத் திரும்பினாள். ரத்தம், வெட்டு, மயக்கம், அரிதாக உயிருக்கே ஆபத்து. இதுவரை அக்காவிடம் காட்டியே இராத சைகைகள். மெதுவாக, எதையும் வழியில் இறக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அக்காவின் முகம் வெளுத்தது. "அவ்வளவா?"

"அவ்வளவும்தான்."

"பழைய மாதிரி கொஞ்சம் குறைச்சே சொல்லியிருக்கலாம்டி."

அக்காவின் விரல்களைப் பற்றிக்கொள்ள நீண்ட தன் கையைத் தங்கை பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிடித்தால் அக்கா எப்படிப் பேசுவாள்?

அக்கா பேசினாள். "அவர்கிட்ட சொல்லு. மாஸ்க்கை ஒரு நிமிஷம் இறக்கி இதையே இன்னொரு தடவை சொல்லட்டும். நீ சரியா சொன்னியான்னு நான் பாக்கணும்."

தங்கை அதையும் குறைக்காமல் மருத்துவரிடம் சொன்னாள்.