சமையலறைச் சுருதி

புது ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. காதை ஒட்டிவைத்துக் கேட்டாலும் மூச்சுப் பேச்சில்லை. எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

பழையது அப்படியா? எந்நேரமும் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருக்கும். தங்கை அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பாடிப் பழகினாள். வேறு அறையில் பாடினால் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார்.

இசைக் கல்லூரிக்குப் பாட்டைப் பதிவுசெய்து அனுப்பக் கடைசி நாள் வந்தது. தேர்வானால் கட்டணமில்லாமல் படிக்கலாம். இல்லையென்றால் துணிக்கடை வேலைதான். அப்பா பேசியே வைத்திருந்தார். துணைக்கு வாத்தியம் கூடாது, நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஸ்டுடியோவுக்கு எங்கே போவது? சமையலறையைச் சுற்றிப் போர்வைகளைக் கட்டினேன். என் போனை டப்பாக்கள்மேல் சாய்த்து வைத்தேன். இரைச்சல் வேண்டாமென்று ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிய மேதாவியும் நானேதான்.

தங்கை பாடினாள். பாதியில் சுருதி இறங்கியது. மறுபடி பாடினாள், மறுபடியும் இறங்கியது. நாலாவது தடவை அழுதேவிட்டாள்.

“என்னன்னே தெரியலக்கா. பிடிமானமே இல்லாம இருக்கு.”

அம்மா போய்ப் பிளக்கைச் செருகினாள். ‘ம்ம்ம்’ கிளம்பியதும் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“வாத்தியம் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே?” என்றேன்.

“ஃப்ரிட்ஜ் எப்பம்மா வாத்தியமாச்சு?” என்றார் அப்பா.

“சரி, பாட்டுக்கு நடுவுல மோட்டார் நின்னுட்டா?”

உள்ளே குளிர்ந்ததும் அது தானாக நின்றுவிடும். அம்மா ஒரு நொடி யோசித்தாள். ஃப்ரிட்ஜ் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, “நீ பாடு” என்றாள்.

எங்கள் அம்மா! தண்ணீர் எடுக்கக் கொஞ்சம் தாமதித்தால், “கரண்ட் பில்லு உங்க தாத்தாவா கட்டுறாரு? சாத்துடி!” என்று வீட்டையே இரண்டாக்குகிறவள். அன்று பாட்டு முடியும்வரை குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றாள். ஐஸ் உருகித் தரையெல்லாம் ஓடியது. மோட்டார் நிற்கவில்லை, சுருதியும் இறங்கவில்லை. தங்கைக்கு இடம் கிடைத்தது.

விடுதியிலிருந்து முதல் தேர்வன்று போன் செய்தாள். “அம்மா, பயமா இருக்கு. போனை ஃப்ரிட்ஜ் பக்கத்துல வையேன்.” அதிலிருந்து ஒவ்வொரு மேடைக்கு முன்னாலும் அதே கதைதான். அம்மாவும் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். இப்போது அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

இன்று மாலை அவளுக்கு ஒரு பெரிய மேடை. போன் வந்தது. பழையதைக் காயலான் கடைக்காரர் எடுத்துப் போனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

“வைம்மா.”

அம்மா பழக்க தோஷத்தில் புது ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தாள். அதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்னைப் பார்த்தாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், “ம்ம்ம்” என்றாள்.

அம்மா ஒரு நாளும் பாடியவள் இல்லை. ஆனால் அது அச்சு அசல் பழைய ஃப்ரிட்ஜின் சுருதி. அந்தப் பக்கம் தங்கை பாட ஆரம்பித்தாள். அம்மா மூச்சு வாங்கி வாங்கி முனகிக்கொண்டே நின்றாள், கதவைச் சாத்தாமல்.