வாய் திறக்காத சாமி

ஈரத்துணியைப் பிழிந்து அண்ணனின் உதட்டில் ஒற்றியபடியே பெத்ரோனா கேட்டுவிட்டாள். முப்பத்தொரு வருஷமாகக் கேட்கிற கேள்விதான்.

"இப்பவாவது சொல்லு. என் புள்ள தன் கையத் தானே சுட்டுக்கிட்டானா?"

இலாரியோன் சாமி கண்ணை மூடிக்கொண்டார். "கேக்காத, தங்கச்சி."

"ஆமாம்னாவது சொல்லிட்டுப் போயேன்."

சொல்லவில்லை. காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது. சாகிறவரோடு சண்டை போட்டோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார் என்றுதான் ஆத்திரம் வந்தது.

சாக்கோக் காட்டில் நடந்த யுத்தத்தில் பராகுவேப் படையில் அவர் கத்தோலிக்கச் சாமியாராக இருந்தார். அவள் மகன் லிசாந்த்ரோ அதே படைப்பிரிவில் சிப்பாய். தாகமும் பயமும் தாங்காமல் இடது கையைச் சுட்டுக்கொண்டு வீடு திரும்பப் பார்த்தவர்கள் அந்தக் காட்டில் உண்டு. பிடிபட்டால் மறுநாள் விடியலில் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். லிசாந்த்ரோவின் இடது உள்ளங்கையில் துளையும், கிட்டத்தில் வைத்துச் சுட்டால் வருகிற கருகல் அதைச் சுற்றிலும் இருந்தன. நான் சுடவில்லை என்று கத்தியிருக்கிறான். கேப்டன் சாமியைப் பார்த்து, "உங்க மருமகன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாராம். சாமி குனிந்த தலை நிமிரவில்லை. தாய்மாமனே பேசவில்லை என்றால் அதற்கப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது? விடியலில் நற்கருணை அப்பம் கொடுத்து, மரத்தடிவரை தோளைப் பிடித்துக் கூட்டிப்போனதும் அவரேதான்.

யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் சொல்லித்தான் அவளுக்கு இதெல்லாம் தெரியும். விதவைக்குப் போக்கிடம் ஏது? வில்யாரிக்காவில் கோயில் வீட்டில் அதே அண்ணனுக்குச் சமைத்துப் போட்டாள். சதுக்கத்தில், யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர் கொத்திய கல்லில் அவள் மகன் பெயர் இல்லை. சந்தைக்குப் போனால் சுற்றுவழியில்தான் போவாள்.

சாயங்காலம் பழைய சிப்பாய்கள் வந்து வாசல் பெஞ்சில் தொப்பியைக் கழற்றி உட்கார்ந்தார்கள். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காஆசபா ஊரிலிருந்து லாரி பிடித்து வந்த பாசிலியோ மட்டும் நேரே அடுப்படிக்கு வந்தான். லிசாந்த்ரோவோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன். அவள் வந்தவர்களுக்குக் கொடுக்கச் சீஸ் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, சாமி கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"என்னத்தச் சொன்னாரு? கேக்காதன்னாரு."

"என்னப் பத்தி?"

"ஒன்னப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?"

பாசிலியோ விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஒங்ககிட்டகூடவா சொல்லல? ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். தெரிஞ்சும் என்னய விட்டுட்டீங்கன்னு..."

"என்னடா தெரியணும்?"

"என் துப்பாக்கிம்மா அது. தொடைக்கிறப்ப வெடிச்சிருச்சு. அவன் எண்ணெத் துணி வாங்கக் கைய நீட்டிட்டு இருந்தான். நான் அங்க இல்லவேயில்லன்னு கேப்டன்கிட்ட சாதிச்சுட்டேன். விசாரணைக்கு முன்னாடியே சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். நீயே போய்ச் சொல்லுடான்னு என் கால்ல விழுந்தாரும்மா. நான் போகல."

பாவசங்கீர்த்தனத்தில் ஒருவன் ஒப்புக்கொண்ட பாவத்தைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே விடக் கூடாது. கோயில் வீட்டிலேயே காலம் தள்ளிய அவளுக்கு அது தெரியாததா? இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தப் பக்கம் புத்தி போகவில்லை. பாவி மனுஷன், ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது. காட்டக் கூடாது என்பதும் தெரிந்திருந்ததால் இன்னும் எரிந்தது.

மாவுக் கையோடு பாசிலியோவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா. இவன் ஒண்ணு சொல்லணும்."

"இங்கயாம்மா?"

"வேற எங்க?"

ஜெபமாலைகள் நின்றன. பாசிலியோ தொப்பியைப் பிசைந்துகொண்டு ஆரம்பித்தான். பெத்ரோனா சவப்பெட்டியின் தலைமாட்டுக்குப் போனாள். காலையில் இருந்த ஆத்திரத்தில் அவருக்குத் தலை வாராமலே விட்டிருந்தாள். காதோரம் நரைமுடி சிலுப்பிக்கொண்டு நின்றது. கையைப் பாவாடையில் துடைத்து, தன் கொண்டையிலிருந்த சீப்பை உருவி, மெதுவாக வாரத் தொடங்கினாள்.

"சத்தமாச் சொல்லு," என்றாள், திரும்பாமல். "வெளிய பெஞ்சுல இருக்கவங்களுக்கும் கேக்கணும்."