கோல்கம்பமாகக் கருதப்பட்டவர்

உரும்பிராய் நேசராஜாவின் வலது மணிக்கட்டைப் பொலிகண்டிக் கோல்காப்பாளர் லோஜன் பிடித்த பிடி, 2023ஆம் ஆண்டு யூலை ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலே காலுக்குத் தொடங்கி, நாற்பத்திரண்டு நாள் ஒருகணமும் விடவில்லை. அந்த ஆண்டு வெங்காயம் நல்ல விளைச்சல். மருதனார்மடம் சந்தியில் புதிதாக மூன்று தேநீர்க்கடை திறந்தார்கள். அவற்றில் இரண்டு, இந்த இருவரையும் பார்க்க வந்த சனத்தால்தான் நிலைத்தன என்று கடைக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

நேசராஜாவுக்கு அப்போது வயது ஐம்பத்துநாலு. செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் வாழையும் வைத்திருந்தார். மெதடிஸ்த தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் பழக்கிய அந்தக் குரலுக்கு ஒலிவாங்கி தேவைப்பட்டதில்லை. ஞாயிறு காலையில் அதனால் கர்த்தரைத் துதிப்பார். பின்னேரம் அதே குரலைச் சூடு ஆறாமல் மைதானத்துக்குக் கொண்டுபோய், எதிரணிக் கோலுக்குப் பின்னால் கம்பி வேலியோடு நிற்பார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லமாட்டார். அதில் அவருக்கு வலு பெருமை. அவருடைய தொழில்முறை வேறு. ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னரே தொலைபேசியை எடுத்து, எதிரணிக் கோல்காப்பாளருடைய ஊரில் உரம் விற்பவர், வாழைக்குலை ஏற்றுபவர் என்று தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் அழைத்து, “உவன்ரை வீட்டிலை என்ன புதினம்?” என்று விசாரிப்பார். யாருடைய அக்கா யாரோடு ஓடினாள், யாருடைய தகப்பன் கோயில் திருவிழாவில் குடித்துவிட்டு விழுந்தார் என்பதெல்லாம் சனிக்கிழமைக்குள் அவருக்கு மனப்பாடமாகிவிடும். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு பருவத்தில் நாலு கோல்காப்பாளர்களை அழவைத்தவர் அவர். இவ்வளவு பாடுபட்டும் அவருடைய செங்கதிர் உதைபந்தாட்டக் கழகம் இருபத்தேழு ஆண்டுகளாக ஒரு கிண்ணமும் எடுக்கவில்லை. சம்பளத்துக்கு விளையாடுகிற தீபகற்ப லீக் வந்த பிறகாவது எடுக்குமென்று அவர் நம்பினார். தன் கண் மூடுமுன் உரும்பிராய்க்கு ஒரு கிண்ணம் வரவேண்டும் என்று வீட்டு ஜெபத்தில் வாய்விட்டே கேட்பார். மனைவி ஐரிஸ் அந்த இடத்தில் மட்டும் ஆமென் சொல்லமாட்டார்.

பொலிகண்டிக் கடற்சங்குக் கழகத்தின் லோஜனைப் பற்றி நெல்லியடி உரக்கடைக்காரர் சொன்ன புதினம் இது. பதினொரு ஆண்டுகளுக்கு முன், பதினாறு வயதில், தகப்பன் தம்பிஐயாவோடு கடலுக்குப் போனபோது படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகில் தொற்றிக்கொண்டு லோஜன் விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை தகப்பனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பிறகு கை வழுக்கிவிட்டது. இதைக் கேட்டதும் எந்த மனிதனும் தொலைபேசியை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பான். நேசராஜா அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஆட்டம் சமநிலையில் இழுபட்ட நேரத்தில், தேவாலயம் நிறைக்கிற அந்தக் குரலில் சொன்னார்.

“கொப்பனையே பிடிச்சு வைச்சிருக்கத் தெரியாத கை, பந்தைப் பிடிக்குமோ?”

சொன்னதோடு நிற்காமல் தண்ணீர்ப் போத்தலையும் எறிந்தார். அது லோஜனின் புருவத்தில் பட்டு இரத்தம் வந்தது. லோஜன் அவசரப்படவில்லை. இரண்டு கையுறைகளையும் கழற்றிக் கம்பத்தடியில் ஒழுங்காக வைத்தான். கையுறையோடு அறைந்தால் உறைக்காது என்று நினைத்திருக்கலாம். பிறகு கம்பி வேலியைப் பாய்ந்து, இரண்டாவது போத்தலை ஓங்கியிருந்த நேசராஜாவின் வலது மணிக்கட்டை இடக்கையால் பிடித்து, வலக்கையால் ஒரு அறை விட்டான். சத்தம் மருதனார்மடம் சந்திவரை கேட்டது. பொலிஸார் ஓடிவந்து இருவரையும் விலக்கினார்கள். உடம்புகள் விலகின, கை விலகவில்லை.

அன்றிரவுக்குள் சவர்க்காரம், தேங்காயெண்ணெய், படகு இயந்திரத்துக்குப் பூசுகிற கிறீஸ் எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், இரண்டு கைகளும் நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தார். போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். லோஜனின் பக்கத்தார் மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு நூற்றெட்டு வடையில் மாலை சாத்தினார்கள். வடை நன்றாக இருந்தது என்று நேசராஜா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஐரிஸ் தையல் இயந்திரத்தை எடுத்து, புருஷனுடைய சேட்டுகளின் வலப்பக்கத்தையும் லோஜனுடைய சேட்டுகளின் இடப்பக்கத்தையும் வெட்டிக் கொக்கி வைத்துத் தைத்தார். “இஞ்சாருங்கோ, ஊசி வாங்கப் போகேக்கை சனம் சிரிக்குது. உங்கடை வாயாலை வந்தது, நீங்களே போய் வாங்குங்கோ” என்று சொல்ல, இரண்டு பேருமாகப் போய் வாங்கி வந்தார்கள்.

கிழமையில் நாலு நாள் பொலிகண்டி, மூன்று நாள் உரும்பிராய் என்று முடிவாயிற்று. தோட்டத்தில் நேசராஜா வாய்க்காலுக்குத் தண்ணீர் மாறும்போது லோஜனும் குனிந்து நிமிர்ந்தான். வெங்காயத்துக்கு இவ்வளவு குனியவேண்டும் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு நாளும் தின்றிருக்கமாட்டேன் என்றான். கடலில் நேசராஜா முதல் மூன்று நாளும் சத்தியெடுத்தார். நாலாம் நாள் பாரை மீன் ஒன்று படகுக்குள் துள்ளி விழ, பிறந்தநாள் வந்ததுபோலக் கூவினார். அந்தக் குரலுக்கு மீன் கூடுகிறது என்று கரையில் ஒரு கதை பரவி, பக்கத்துப் படகுக்காரர்கள் அவரைக் கூட்டிப்போக வரிசையில் நின்றார்கள். ஞாயிறுகளில் லோஜன் பாடகர் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நின்றான். பாட்டு ஏறும்போது நேசராஜா கையை உயர்த்துவது வழக்கம். அவனுடைய கையும் சேர்ந்து உயரும். புதிதாக ஒருவர் மனந்திரும்பியிருக்கிறார் என்று எண்ணி, வெளியூர் விருந்தாளி ஒருவர் அவனுக்கு வேதாகமம் பரிசளித்தார். மற்ற அலுவல்களை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இந்த ஊரில் இல்லை.

பொலிகண்டியில் லோஜனின் தாய் இரத்தினம்மா இருந்தார். நேசராஜாவுக்கு லீக் ஒழுக்காற்றுக் குழுவைவிட அவரிடம்தான் பயம். முதல் நாள் சாப்பாட்டில் அவர் நேசராஜாவுக்குத்தான் பெரிய மீன்துண்டை வைத்தார். நேசராஜா கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் லோஜனின் கையும் கூடப் போய்வந்தது. இரண்டாம் கிழமை ஒரு காலை, இடியப்பமும் சொதியும் பரிமாறிக்கொண்டிருந்த இரத்தினம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பதினொரு வரியமா உவன் நித்திரையிலை அந்தக் கையாலை பாயைப் பிராண்டிக்கொண்டுதான் கிடந்தவன், அண்ணை. எத்தனை பாய் மாத்தினன் எண்டு எனக்குத்தான் தெரியும். இப்ப ரெண்டு கிழமையாப் பாய் அப்பிடியே கிடக்குது.”

நேசராஜா எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். வெட்கம் என்றால் என்னவென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் படகுக் கதையை எந்தக் கடைக்காரரிடம் கேட்டார், எப்படிப் பாடமாக்கினார், எந்த நிமிடத்துக்காக வைத்திருந்தார் என்று எல்லாவற்றையும் தாய்க்கும் மகனுக்கும் முன்னால் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அழுதுகொண்டுதான் கேட்டார். மூன்று பேரும் கையைப் பார்த்தார்கள். அது இருந்தபடியே இருந்தது.

“நான் அண்டைக்கு அறையேக்கையே எல்லாத்தையும் விட்டுட்டன், அண்ணை. கைதான் விடுதில்லை” என்றான் லோஜன். பிறகு சொதி கேட்டான்.

லீக் ஒழுக்காற்றுக் குழுவின் சங்கடம் பெரியது. பார்வையாளரை அடித்த வீரருக்குத் தடை உண்டு, வீரருக்கு எறிந்த பார்வையாளருக்கும் தடை உண்டு. ஆனால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் முறைப்பாடு இல்லை என்று ஒரே பேனையால் மாறி மாறிக் கையெழுத்து வைத்தார்கள். லோஜன் விளையாடலாம் என்றால், நேசராஜாவும் உள்ளே வரவேண்டும். நேசராஜா இனிப் பார்வையாளர் பகுதிக்குள் வரக்கூடாது என்று எழுதியாயிற்று. மைதானத்துக்குள் நிற்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. மூன்று மணிநேரம் கதைத்துக் குழு தீர்மானித்தது: திரு. நேசராஜா ஆட்டம் முடியும்வரை கோல்கம்பமாகக் கருதப்படுவார். பந்து அவரில் பட்டால் கம்பத்தில் பட்டதாகவே கொள்ளப்படும். தீர்மானம் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. அதைப் படித்த ஐரிஸ், கலியாணம் கட்டிய நாளிலிருந்து தனக்கு இது தெரியும் என்றார்.

கோல்கம்பம் ஓடுவதை யாழ்ப்பாணம் அதற்கு முன்னர் கண்டதில்லை. லோஜனின் இடப்பக்கத்தில், வேட்டியை விட்டுக் காற்சட்டை போட்டுக்கொண்டு, நேசராஜா முன்னும் பின்னும் ஓடினார். ஒற்றைக் கையோடு லோஜன் பிடித்த பந்துகள் முன்னர் இரண்டு கையால் பிடித்தவற்றைவிட அதிகம். அறிவிப்பாளர், “இதோ கோல்காப்பாளரும் கம்பமும் பாய்கிறார்கள்” என்று ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்தினார். இப்படியே கடற்சங்கு இறுதியாட்டத்துக்கு வந்தது. மற்றப் பக்கத்தால் வந்தது உரும்பிராய்ச் செங்கதிர்.

ஓகஸ்ட் இருபதாம் திகதி நேசராஜா தன் வாழ்நாள் எல்லாம் காத்திருந்த இறுதியாட்டத்தில், எதிரணிக் கோலுக்குள் நின்றார். உரும்பிராயிலிருந்து பதினேழு பஸ் வந்திருந்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. சமநிலையில் முடிந்தால் புள்ளிப்பட்டியலில் முன்நின்ற பொலிகண்டிக்குக் கிண்ணம் என்பது விதி. கடைசி நிமிடத்தில் உரும்பிராய்க்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் றயன், நேசராஜாவின் தங்கச்சி மகன். அவன் ஏழு வயதில் வாழைத்தோட்டத்தில் பந்தடித்த நாளிலிருந்து நேசராஜா பார்த்துவருகிறார். பதற்றம் வந்தால் றயன் கோல்காப்பாளரின் இடப்பக்கம், நிலத்தோடுதான் அடிப்பான். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இடப்பக்கத்தில் நின்றவர் நேசராஜா. அவர் அசையாமல் நின்றால் லோஜனால் அந்தப் பக்கம் பாயவே முடியாது. கம்பம் அசையவில்லை என்று எவரும் குறைசொல்லவும் மாட்டார்கள். இருபத்தேழு ஆண்டு ஜெபம் கேட்கப்பட, அவர் செய்யவேண்டியதெல்லாம் சும்மா நிற்பதுதான்.

வேலிக்கு அப்பால் அவருடைய சொந்தக்காரர், அயலவர், பாடகர் குழு முழுவதும் நின்றார்கள். நேசராஜா தன் மணிக்கட்டைப் பார்த்தார். லோஜனின் விரல்கள் வியர்த்திருந்தன, ஆனாலும் வழுக்கவில்லை. றயன் ஓடிவந்தான்.

நேசராஜா இடப்பக்கம் விழுந்தார். ஐம்பத்துநாலு வயதில் முதல்முறையாக, முழு உடம்போடு, வாழைக்குலை விழுவதுபோல விழுந்தார். இழுபட்ட லோஜன் அவருக்கு மேலால் பறந்தான். அப்போது அந்தக் கை விட்டது. விட்டு, நேசராஜாவின் விரல்களைத் தாண்டி நீண்டு, பந்தைக் கம்பத்துக்கு வெளியே தட்டிவிட்டு, திரும்பி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நடுவர் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். விதிமீறல் ஒன்றும் இல்லை என்று மூலையிலிருந்து அடிக்கிற கோணர் உதைக்குக் கைகாட்டினார். அந்த உதையும் வீணாகி, இறுதி விசில் ஊதியது.

உரும்பிராய்ச் சனம் வேலியைப் பாய்ந்தது. கதிரைகளும் போத்தல்களும் செருப்புகளும் தூக்கிக்கொண்டு, யூதாசே என்று கத்திக்கொண்டு வந்தார்கள். பொலிகண்டிச் சனம் மறுபக்க வேலியால் இறங்கியது. நடுவில் இரண்டு பேரும் நிலத்தில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கைக்கெட்டுகிற தூரம் வந்ததும் எல்லோருக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கவேண்டும்: பிடித்தால், பிடிபட்டவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வரும். ஓங்கிய கைகள் இறங்கின. ஒவ்வொருவராகக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அறுநூறு பேர், பள்ளிக்கூடம் பார்க்கவந்த கல்வி அதிகாரிகள் போலக் கைகட்டி நின்று, தொண்டையால் மட்டும் ஏசிக்கொண்டார்கள். நேசராஜாவின் மச்சான் அடைக்கலநாதனுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. பொலிகண்டி மேளக்காரன் ஒருவனை அவர் தோளில் பிடித்தார். அந்தப் பிடி ஒன்பது நாள் இருந்தது. மேளக்காரன் போகும்போது அடைக்கலநாதனின் வீட்டார் ஒரு சாக்கு வெங்காயம் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து தீபகற்ப லீக்கில் ஒருவரும் ஒருவரையும் அடிப்பதில்லை. வேலியைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள், அந்தக் கம்பியில் இப்போது பாகற்கொடி படர்ந்திருக்கிறது.

நேசராஜாவோடு உரும்பிராய் மூன்று மாதம் கதைக்கவில்லை. றயன்தான் முதலில் வந்தான், தனக்கு வலப்பக்கம் அடிக்கப் பழக்கச் சொல்லி. அடுத்த ஆண்டு கிண்ணம் உரும்பிராய்க்கு வந்தது. இறுதியாட்டத்தில் லோஜனை ஏமாற்றி றயன் வலப்பக்கம் அடித்த கோல்தான். நேசராஜா கோலுக்குள் நின்றபடியே துள்ளினார், லோஜனும் வேறு வழியில்லாமல் துள்ளினான். இப்போது கைக்கு வேலை இருந்தால் அது விடும், முடிந்ததும் திரும்பி வரும். லோஜனுக்கும் பிரதீபாவுக்கும் கலியாணம் நடந்தபோது மூன்று முடிச்சுக்கும் விட்டது. மூன்றாவது முடிச்சு இறுகியதும் வந்துவிட்டது. பிரதீபாவுக்கு லோஜனின் மற்றக் கை இருந்தபடியால் அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

போன கிழமை மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்கும் சின்னத்தங்கம், இரண்டு பேரும் ஒரு பையோடு வருவதைக் கண்டு கேட்டார்.

“என்ன அண்ணை, இனி முற்றா விடச் சொல்லக்கூடாதோ?”

“சொன்னா விடும்” என்றார் நேசராஜா. “நான் இன்னும் சொல்லேல்லை.”

சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டார். இருநூற்றெண்பது என்றார் சின்னத்தங்கம். லோஜன் வலக்கையால் நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கினான்.