சுண்டுவிரல் வளைந்த கால்

1

"அது என் கால்தான் டீச்சர். சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாருங்க. காட்டிக்கொடுத்த யூதாஸ் காலா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"உங்க கால்தான்ணே. எந்தச் சீடருக்குன்னு நெனச்சு வரையல."

"தெருவே பாத்துச் சிரிக்குது. அடுத்த வாரம் கல்யாணத்துக்கு எம் பொண்ணு இந்தப் படத்துக்கு முன்னாடிதான் நிக்கணும். நீங்க சொல்லலைன்னா நான் இந்த சர்ச்சுக்குள்ள வரமாட்டேன்."

கத்தியவர் தையல்காரர். பதில் சொன்னவர் ஓவிய டீச்சர். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். பீடத்துப் பூச்சாடிகளில் தண்ணீர் மாற்றப் போயிருந்தேன். (தண்ணீர் முந்தின நாளே மாற்றியாயிற்று. குரல் கேட்டுத்தான் போனேன். நீங்களாக இருந்தாலும் போயிருப்பீர்கள்.)

2

டீச்சரை அறிமுகப்படுத்த வேண்டும். அன்பே உருவான அந்த ஓவிய ஆசிரியை தம் வாழ்வையே தூரிகையில் தோய்த்து

இல்லை, இது அவரில்லை. ஆனாலும் வரியை அழிக்கவில்லை. அவர் வகுப்பில் ரப்பர் ஆகாது. "தப்பாப் போன கோடும் நீ போன வழிதானே, கிடக்கட்டும்" என்பார். கிடக்கட்டும்.

எதிர்வீட்டுக்காரி என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பென்சில் சீவுமுன் ஜெபிப்பார், தூரிகை கழுவிய பின்னும் ஜெபிப்பார். அவரிடம் படித்த பிள்ளைகள் பிளேடைக் கையில் எடுத்தாலே ஆமென் சொல்லும். மூக்கில் எப்போதும் கரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நான்கு காரணம் கேள்விப்பட்டிருக்கிறேன். நான்கும் இந்தக் கதைக்கு வேண்டாம். (வேண்டுமென்றால் தனியாக வாருங்கள்.)

3

பீடத்துக்குப் பின்சுவரில், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவும் காட்சியை வரையச் சொன்னார் பாஸ்டர். டீச்சர் முழங்காலுக்குக் கீழே மட்டும் வரைந்தார். நீளப் பெஞ்சிலிருந்து தொங்கும் பன்னிரண்டு ஜோடிக் கால்கள், ஒரு பாத்திரம் தண்ணீர், கழுவும் இரண்டு கைகள். முகம் ஒன்றுகூடக் கிடையாது. கால்களெல்லாம் எங்கள் தெருவில் வாங்கிய இரவல்.

வரையுமுன் ஒவ்வொருவர் காலையும் அவரே கழுவினார். தொட்டுப் பார்த்தால்தான் எலும்பு எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியுமாம். என் முறை வந்தபோது, பால்காரர் வீட்டு விவகாரம் ஒன்றை அவரிடம் சொல்லத் தயாராக வைத்திருந்தேன். அவர் தரையில் முட்டி போட்டு என் குதிகால் வெடிப்பில் விரலை வைத்ததும் வாய் எழவில்லை. வாய் எழாமல் போவது எனக்குப் புதிது. [இங்கே 'சிலிர்ப்பு' என்று எழுதிப் பார்த்தேன், 'தெய்விகம்' என்றும் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.] தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான் எழுத வருகிறது.

4

தையல்காரர் மேல் எனக்கே நம்பிக்கையில்லை, கதாபாத்திரமாகச் சொல்கிறேன். ஒரு காலுக்காகவா ஒரு மனிதர் இப்படிக் கத்துவார்? ஆகவே பழையதைக் கிளற வேண்டியிருக்கிறது.

டீச்சர் முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். நிர்வாகிக்கு அந்த இடம் தன் மைத்துனிக்கு வேண்டியிருந்தது. தையல்காரர் அவரிடம் போய், தன் மகளை டீச்சர் அடித்ததாகச் சொன்னார். டீச்சருக்கு வேலை போயிற்று. சீருடை தைக்கும் வேலை மொத்தமும் தையல்காரருக்கு வந்தது. தான் போய்ச் சொன்னது யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பள்ளி வாட்ச்மேன் அன்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. டீச்சரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். "சரி" என்றார், பென்சில் சீவப் போனார். (ஜெபித்துவிட்டுத்தான்.)

இப்போது திரும்பிப் பாருங்கள். அந்த வளைந்த சுண்டுவிரலைக் கையில் பிடித்தபோது அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே தேய்த்துக் கழுவி, விரலிடுக்கைத் துண்டால் ஒற்றி, மடியில் வைத்து

ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் என் பேனா நிற்கிறது.

5

சண்டைக்கு வருவோம். அப்பாவைத் தேடி மகள் உள்ளே வந்தாள், கல்யாணப் பெண். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, டீச்சர் என்னை ஒருநாளும் அடிச்சதில்ல. நீங்க இவங்ககிட்ட கேக்க வேண்டியது வேற."

தையல்காரர் சுவரைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே."

"கால் கழுவினப்பவுமா?"

டீச்சர் தலையாட்டினார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பூச்சாடி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

6

மறுநாள் காலை தையல்காரர் டீச்சர் வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தினார்கள். நான் மாடியில் துணி காயப்போட்டேன், ஏற்கெனவே காய்ந்த துணியை.

முடிவு ஒன்று: அவர் மன்னிப்புக் கேட்டார், டீச்சர் அழுதார். (டீச்சர் அழுது நான் பார்த்ததில்லை. தள்ளுபடி.)

முடிவு இரண்டு: நீங்கள்தான் யூதாஸ் என்று டீச்சர் சொல்லிவிட்டார், அவர் (இதையும் எழுத என்னால் முடியவில்லை.)

எனக்குக் கேட்டது பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அதே சத்தம் இன்னொரு முறை. தையல்காரர் வெளியே வந்தபோது அவருடைய பேண்ட் முட்டி இரண்டும் ஈரம். வாசல்வரை வந்த டீச்சரின் புடவையிலும் முட்டி இருக்கும் இடத்தில் ஈரம். யார் முதலில் முட்டி போட்டது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் வாரத்துக்கொன்று சொல்வேன்.

7

கல்யாணம் நடந்தது. தையல்காரர் மகளோடு உள்ளே வந்து, அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்றார். பிறகு பள்ளிக்குப் போய் உண்மையைச் சொன்னாராம். பழைய கதை என்று நிர்வாகி சிரித்தாராம். சீருடைத் துணியையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாராம். மகள் எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளையோடு வேறு ஊருக்குப் போனாள். கொஞ்ச நாளில் தையல்காரரும் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பதியைப் பற்றி எனக்கு ஏராளமாகத் தெரியும்.

படத்தில் என் கால் எது என்றும் தெரியும். ஞாயிறுதோறும் பார்க்கிறேன், வெடிப்பு அப்படியே இருக்கிறது. அது எந்தச் சீடருடையது என்று மட்டும் டீச்சரிடம் இன்னும் நான் கேட்கவில்லை.